காகிதம் என்றால் ஏன் வெளியேறினார்கள்?

பெரிய நாடுகள் சேராத ஒட்டாவா கண்ணிவெடித் தடை உடன்படிக்கை வெறும் காகிதம் என்கிறார் நண்பர். அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா அதில் இல்லை, உண்மைதான். ஆனால் எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா, பின்லாந்து, போலந்து ஐந்தும் 2025இல் அந்தக் காகிதத்திலிருந்து விலக ஏன் நாடாளுமன்றத்தில் வாக்கெடுத்தன? ஐ.நா.வுக்கு முறைப்படி எழுதிக் கொடுத்து, ஆறு மாதம் காத்திருக்க ஏன் சம்மதித்தன? கட்டாத கயிற்றை யாராவது அவிழ்ப்பார்களா?

20ஆம் பிரிவை நண்பர் படித்ததாகத் தெரியவில்லை. அந்த ஆறு மாதம் முடியும்போது விலகும் நாடு போரில் இருந்தால், போர் ஓயும்வரை விலகல் செல்லாது. கண்ணிவெடி மேல் ஆசை வருவதே போர்க்காலத்தில்தான் என்று தெரிந்து போட்ட பூட்டு அது. உக்ரைன் ‘விலகல்’ என்னாமல் ‘இடைநிறுத்தம்’ என்று சொல்லிப் பார்த்தது இதனால்தானோ என்னவோ. இடைநிறுத்தத்துக்கு உடன்படிக்கையில் இடமே கிடையாது.

மீறுபவரைப் பிடிக்கப் போலீஸ் இல்லை என்கிறாரா? இல்லைதான். ஆனாலும் உறுப்பு நாடுகள் தங்கள் கிடங்கிலிருந்தே எடுத்து அழித்த வெடிகள் 5 கோடிக்கு மேல். அந்த நாடுகளை யார் மிரட்டி அழிக்க வைத்தார்கள்?

இலங்கை சேர்ந்தது 2017இல், போர் முடிந்து எட்டு ஆண்டு கழித்து. அதன் வடக்கே முகமாலையில் மண்டியிட்டு, கண்ணிவெடி தேடி விரலளவு விரலளவாக மண்ணைத் துழாவும் பெண்களின் வேலைக்கு 2028 ஜூன் என்று கெடு வைத்திருப்பதும் அந்தக் காகிதம்தான்.