பேசின் பிரிட்ஜ் மொட்டை மாடியில் நட்சத்திரம் தெரியுமா? கோளரங்கம் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

லீவு விட்டாலே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம் போவது பல சென்னைக் குடும்பங்களுக்கு வழக்கம். அரங்கில் விளக்கு அணைந்ததும் தலைக்கு மேல் ஆயிரக்கணக்கில் நட்சத்திரங்கள் மின்னும். ஆனால் பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி, ராயபுரம் பக்கம் வீடு திரும்பி மொட்டை மாடி ஏறினால் விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற நட்சத்திரங்கள் எல்லாம் எங்கே போயின?

எங்கேயும் போகவில்லை. வெளிச்சம் மறைக்கிறது, அவ்வளவுதான்.

வெளிச்சம் எப்படி மறைக்கும்?

நகரத்து விளக்குகளின் ஒளி முழுவதும் தரையில் விழுவதில்லை. ஒரு பகுதி மேலே போகிறது. காற்றில் இருக்கும் தூசு, புகை, ஈரப்பதம் அதைச் சிதறடிக்கும்போது வானமே மங்கலாக ஒளிரும். மங்கிய நட்சத்திரங்கள் அந்த வெளிச்சத்தில் கரைந்துவிடும். ரயில்வே யார்டு விளக்குகள், துறைமுகத்தின் இரவு வேலை, மணலி - எண்ணூர் ஆலைகள், கடல் காற்றின் ஈரம் என எல்லாமே வட சென்னையில் ஒன்றுசேர்கின்றன.

இது உலகப் பிரச்சினையும்கூட. மனிதர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு தாங்கள் வாழும் இடத்திலிருந்து பால்வீதி தெரிவதில்லை என்று 2016-ல் வெளியான உலக ஒளி மாசு வரைபடம் சொன்னது.

இதே சென்னையில்தான்...

1792-ல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்திய கம்பெனி வானாய்வகம் அமைத்தது. அங்கிருந்துதான் 1861-ல் நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து, அதற்கு 'ஆசியா' என்று பெயர் வைத்தார். 1867-ல் அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்தார். 1899-ல் வானியல் பணிகள் கொடைக்கானலுக்கு மாறின. இன்று பெரிய தொலைநோக்கி வேண்டுமென்றால் ஜவ்வாது மலைக் காவலூருக்குத்தான் போக வேண்டும். அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-லிருந்து இயங்குகிறது.

கோளரங்கத்தில் என்ன நடக்கிறது?

நட்சத்திரங்களைக் கூரையில் காட்டும் கருவியை 1923-ல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் உருவாக்கியது. உள்ளே விளக்கு, சுற்றிலும் நுண்துளைகள். ஒவ்வொரு துளை வழியாகவும் வரும் ஒளி, அரைக்கோளக் கூரையில் ஒரு நட்சத்திரமாக விழும். இப்போது டிஜிட்டல் புரொஜெக்டர்களும் சேர்ந்துவிட்டன. ஒரு முழு இரவைச் சில நிமிடங்களில் ஓட்டிக் காட்டலாம்.

சென்னை பிர்லா கோளரங்கம் 1988-ல் தொடங்கப்பட்டது. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் காட்சிகள் உண்டு. அதே வளாகத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும் இருக்கிறது. பேசின் பிரிட்ஜில் இருந்து போவோர் புறநகர் ரயிலில் சென்ட்ரல் வந்து, பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறி கோட்டூர்புரத்தில் இறங்கலாம். அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் போதும். காட்சி நேரத்தையும் கட்டணத்தையும் அன்றைக்கே சரிபார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

வீட்டு மாடியில் எதைப் பார்க்கலாம்?

நிலா, வெள்ளி, வியாழன், சனி. இவற்றை நகர வெளிச்சத்தால் மறைக்க முடியாது. நிலவின் பள்ளங்களைப் பார்க்க பௌர்ணமியைவிட அரை நிலா நாள்தான் நல்லது. அன்றுதான் நிழல் நீளமாக விழுந்து பள்ளம் தெளிவாகத் தெரியும். கையை ஆடாமல் வைத்துக்கொண்டால் சாதாரண பைனாகுலரிலேயே வியாழனின் நான்கு பெரிய நிலவுகள் தெரியும். சனியின் வளையத்துக்குத்தான் தொலைநோக்கி தேவை.

பஞ்சாங்கத்தில் படிக்கும் பெயர்களையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். மார்கழி, தை மாத இரவுகளில் சிவப்பாகத் தெரியும் திருவாதிரை, ஆடி மாத இரவில் தெற்கே சிவக்கும் கேட்டை, இரண்டுமே பிரகாசமானவை. கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் செல்போனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்!

பகலிலும் வானியல் உண்டு. ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 தேதிகளை ஒட்டி, நண்பகலில் சூரியன் சென்னையின் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். நட்டு வைத்த குச்சிக்கு நிழலே இருக்காது. செலவு ஒரு பைசா இல்லை.

இனி என்ன தேவை?

கோளரங்கம் நல்ல தொடக்கம். ஆனால் அது படம் காட்டும் இடம். வளையத்தோடு சனியை நேரில் பார்க்கும் பிள்ளை கேட்கும் கேள்வியே வேறு. அந்த வாய்ப்பு தெற்கே போக வசதியுள்ள குடும்பத்துக்கு மட்டும் கிடைத்தால் போதுமா?

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 1968-லிருந்து ஜான் டாப்சனும் நண்பர்களும் நடைபாதையிலேயே தொலைநோக்கியை வைத்து, போவோர் வருவோரையெல்லாம் அழைத்து நிலாவைக் காட்டினார்கள். மாநகராட்சிப் பள்ளி மைதானம், பூங்கா, காசிமேடு கடற்கரை என வட சென்னையிலும் இதற்கு இடம் இருக்கிறது. மாதம் ஒரு அரை நிலா மாலை, ஒரு தொலைநோக்கி, விளக்கிச் சொல்ல ஒரு ஆள் போதும். பள்ளிக் கூடத்துக்குள் அடங்கும் காற்றடைத்த நடமாடும் கோளரங்கங்களும் இருக்கின்றன.

தெருவிளக்குகளுக்கு மேல்மூடி போட்டு ஒளியைத் தரைக்குத் திருப்பினால், வானம் கொஞ்சம் இருட்டும், மின்சாரமும் மிச்சமாகும். அதற்கு இருட்டில் நடக்க வேண்டியதில்லை. வெளிச்சம் தெருவில் விழுந்தால் போதும், மேகத்துக்கு எதற்கு?