லீவுக்குப் போறீங்களா? "பாயின்ட்" எண்ணாம ஒரே இடத்துல இருந்துட்டு வாங்க

மே மாதம் பாதி தாண்டினால் ஓ.பி.யில் ஒரு தனிக் கூட்டம் வரும். "டூர் போயிட்டு வந்தோம் டாக்டர், அதுல இருந்தே உடம்பு சரியில்ல." ஒருவருக்கு சுகர் 300ஐத் தாண்டி நிற்கும். இன்னொருவருக்கு கால் ரெண்டும் வீங்கியிருக்கும். குழந்தைக்கு வாந்தி பேதி. எங்கே போனீங்க என்று கேட்டால், மூன்றே நாளில் மூணாறு, தேக்கடி, வாகமண், ஆலப்புழை, வர்ற வழியில் கன்னியாகுமரி. "மொத்தம் 17 பாயின்ட் கவர் பண்ணிட்டோம் சார்" என்பார்கள். அதில் ஒரு பெருமை வேறு.

மன்னிக்கணும், இதற்குப் பெயர் ஓய்வு இல்லை. பன்னிரண்டு மணி நேரம் வேனில் உட்கார்ந்திருப்பது, நேரம் தவறிச் சாப்பிடுவது, எங்கே பாத்ரூம் கிடைக்குமோ என்று பயந்து வீட்டுப் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் இருப்பது, ராத்திரி ரெண்டு மணிக்கு டிரைவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓட்டுவது. இதையெல்லாம் ஆபீசில் செய்யச் சொன்னால் யூனியன் கூடும். காசு கொடுத்து நாமே செய்கிறோம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வருஷத்துக்கு ஒரு தடவை, குறைந்தது ரெண்டு ராத்திரி, குடும்பத்தோடு ஒரே இடத்தில், வெட்டவெளிக்குப் பக்கத்தில் சும்மா இருந்துவிட்டு வாருங்கள். கூடாரம் போடுங்கள். முடிந்தால் துடுப்பு போடுங்கள். வேறு புரோக்ராம் வேண்டாம்.

உதாரணத்துக்கு எனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தையே சொல்கிறேன். மதுரைப் பக்கம் இருப்பவர்களுக்கு ரொம்பத் தூரமும் இல்லை. கொல்லத்துக்கு அருகில் மன்றோ தீவு. அஷ்டமுடிக் காயலும் கல்லடை ஆறும் சேருகிற இடத்தில் உள்ள சின்னச் சின்னத் தீவுகளின் கூட்டம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரில் ரெசிடென்ட்டாக இருந்த கர்னல் ஜான் மன்றோவின் பெயர். மலையாளத்தில் மன்றோதுருத்து. துருத்தி நம்ம ஊர்ச் சொல்லும்தான், ஆற்றுக்கு நடுவே இருக்கும் திட்டு என்று பொருள். மயிலாடுதுறை பக்கத்துக் குத்தாலத்துக்குப் பழைய பேரே திருத்துருத்தி.

ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை தாண்டி மலைக்குள் போகும் ரயில் பாதையில் பகலில் போனால், போகிற வழியே பாதி டூர். பதிமூன்று கண் பாலம் வரும்போது பெட்டி முழுக்க ஒரு பக்க ஜன்னலுக்கு ஓடும். வேன் வாடகை இல்லை, வளைவில் வாந்தி இல்லை, தூக்கக் கலக்க டிரைவர் இல்லை. முழங்கால் வலிக்காரர்கள் எழுந்து நடக்கலாம். நீண்ட நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் வீக்கம் மட்டுமில்லை, சிலருக்குக் காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறையவும் கூடும். ரயிலில் அந்தத் தொல்லை குறைவு.

அங்கே காயல் ஓரமாக வீட்டோடு சேர்ந்த தென்னந்தோப்பில் டென்ட் போட்டுக்கொள்ள இடம் தருகிறார்கள். எங்க வீட்டில் மனைவி, ரெண்டு பிள்ளைகள், என் அம்மா. பிள்ளைகளுக்கு அப்பத்தா. அப்பத்தாவை டென்ட்டில் படுக்கவைக்கவில்லை. எழுபதைத் தாண்டிய முழங்காலைத் தரையிலிருந்து எழுப்புவது சாகசம் இல்லை, கொடுமை. அவருக்குக் கட்டிலோடு ஓர் அறை, வெஸ்டர்ன் டாய்லெட். இடம் புக் பண்ணும்போது காயல் வியூ இருக்கா என்று கேட்பதற்கு முன்னால் டாய்லெட் எப்படி என்று கேளுங்கள். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி.

முதல் நாள் சாயங்காலம் பையன், "போர் அடிக்குதுப்பா" என்றான். நல்லது, அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நம்ம தலைமுறை பெற்றோருக்கு இந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் பதற்றம் வந்துவிடுகிறது. உடனே போனை நீட்டுகிறோம், இல்லை அடுத்த பாயின்ட்டுக்கு வண்டியைக் கிளப்புகிறோம். முக்கால் மணி நேரம் போகட்டும். எங்க பையன் ஒரு செம்பருந்து மீனைத் தூக்குவதைப் பார்த்துவிட்டு, அது மறுபடி எப்ப வரும் என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டான். இருட்டிய பிறகு கூப்பிட்டுத்தான் கூட்டிவர வேண்டியிருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு கயாக். ரெண்டு பேர் உட்காரும் படகு. மேலேயே உட்கார்ந்து ஓட்டுவது, உள்ளே கால் மாட்டிக்கொள்ளும் வகை இல்லை. குறுகலான கால்வாய்களில், வீட்டுப் பின்வாசல்களை ஒட்டி, தலைக்கு மேல் கண்டல் மரங்கள் கூரை போட்ட இடங்கள் வழியாக. சில பாலங்கள் அவ்வளவு தாழ்வு, குனிந்துதான் போகணும். வேகமாகத் துடுப்புப் போட்டால் தண்ணீர் சத்தத்தில் கொக்கு பறந்துவிடும், மீன்கொத்தி பறந்துவிடும். மெதுவாகப் போனால்தான் ஏதாவது கண்ணில் படும். புருஷன் பெண்டாட்டி ஒரே படகில் ஏறினால் முதல் பத்து நிமிஷம் சண்டைதான், "நீ அந்தப் பக்கம் போடு" "நீங்கதான் தப்பாப் போடுறீங்க" என்று. அப்புறம் கை தானாக ஒன்றாகிவிடும். எங்களுக்கு இருபது நிமிஷம் ஆனது.

பலருக்குத் தெரியாத ஒன்று: கயாக் ஓட்டுவது வெறும் கைவேலை இல்லை. இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பித் துடுப்புப் போடணும். கையால் மட்டும் இழுத்தால் மறுநாள் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். அளவாகச் செய்தால் நல்ல நடைப்பயிற்சிக்குச் சமம், முழங்காலில் உடம்பின் பாரமும் ஏறாது. தோளில் பழைய கிழிசல், சமீபத்தில் இதய ஸ்டென்ட், வலிப்பு நோய் இருப்பவர்கள் உங்கள் டாக்டரிடம் கேட்காமல் ஏற வேண்டாம்.

தூக்கம் பற்றிச் சொல்லியே ஆகணும். அமெரிக்காவில் கொலராடோ மலைப்பகுதியில் 8 பேரை ஒரு வாரம் கூடாரத்தில் தங்கவைத்து ஆய்வு செய்து 2013ல் வெளியிட்டார்கள். டார்ச் கிடையாது, போன் கிடையாது, சூரியனும் நெருப்பும்தான் வெளிச்சம். தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பு தொடங்கும் நேரம் சுமார் 2 மணி நேரம் முன்னுக்கு வந்தது. வெறும் 8 பேர்தான், இதை வைத்து ஊரையே அளக்க முடியாது. ஆனால் அதே குழு பிறகு, ஒரு வாரக்கடைசி கேம்ப்பிங்கிலேயே இந்த மாற்றத்தில் பெரும்பகுதி வந்துவிடுகிறது என்று காட்டியது. ராத்திரி ஒரு மணி வரை போன் பார்த்துவிட்டு "தூக்க மாத்திரை எழுதிக் கொடுங்க டாக்டர்" என்று வருகிறவர்களுக்கு, மாத்திரைக்கு முன்னால் ரெண்டு ராத்திரி கூடாரம் எழுதிக் கொடுக்கத்தான் எனக்கு ஆசை. மெடிக்கலில் கிடைக்காது என்பதுதான் சிக்கல்.

இப்போது வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை. கேம்ப்பிங் என்று கூட்டிப்போய், கல் அடுக்கி விறகு வைத்து, "வெளிய சமைச்சா என்ன ருசி பாரு" என்று மனைவியைப் புகையில் உட்கார வைப்பதென்றால் தயவுசெய்து போகாதீர்கள். வீட்டில் கேஸ் அடுப்பு, மிக்ஸி, குழாய்த் தண்ணீர் எல்லாம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வசதியே இல்லாத இடத்தில் அதே வேலையைச் செய்வது அவருக்கு எந்த வகையில் லீவு? எங்க விதி, வீட்டில் தினமும் சமைப்பவர் அங்கே கரண்டியைத் தொடக்கூடாது. காலைச் சாப்பாடு தங்கும் வீட்டிலேயே வாங்கிக்கொண்டோம், புட்டும் கடலையும். ராத்திரிக் கஞ்சியும் சுட்ட மீனும் நானும் பிள்ளைகளும். கஞ்சி அடி பிடித்தது. யாரும் சாகவில்லை.

"இதெல்லாம் காசுள்ளவங்க வேலை டாக்டர்" என்று கமென்ட்டில் வரும், தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று நாள் வேன் வாடகை, பாயின்ட்டுக்குப் பாயின்ட் நுழைவுச் சீட்டு, பார்க்கிங், ரோட்டோர ஓட்டல் பில், வந்தபிறகு எனக்குத் தரும் ஃபீஸ் எல்லாம் கூட்டுங்கள். ரயில் டிக்கெட்டும் ரெண்டு ராத்திரி டென்ட்டும் அதில் பாதிகூட வராது. அதுவும் முடியாதவர்கள் சொந்த ஊர்த் தோப்பில், தெரிந்தவர் கிணற்றடியில் ஒரு ராத்திரி படுக்கலாம். கயாக் கட்டாயம் இல்லை. கொடுக்கும் பணம் யாருக்குப் போகிறது என்பதும் முக்கியம். மன்றோ தீவில் வேலியேற்றத்தின்போது வீட்டுக்குள் உப்புத் தண்ணீர் வருகிறது. சுவர் அரிக்கிறது, பலர் ஊரை விட்டே போய்விட்டார்கள். இருப்பவர்களுக்குப் படகும் தங்கும் அறையும்தான் ஒரு பிடிப்பு. அவர்கள் வீட்டுப் பின்வாசல் வழியாகத்தான் நாம் போகிறோம். புளூடூத் ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

அடுத்தது, நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்கிற விஷயம். லைஃப் ஜாக்கெட்.

2022ல் மட்டும் இந்தியாவில் தண்ணீரில் மூழ்கி 35,000 பேருக்கு மேல் இறந்ததாக அரசுப் புள்ளிவிவரம் சொல்கிறது. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில், அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஒரே குடும்பத்தில் மட்டும் 11 பேர். லீவுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை.

"எனக்கு நீச்சல் தெரியும்" என்பவர்தான் எனக்கு அதிகப் பயம். கிணற்று நீச்சல் வேறு, இழுப்பு உள்ள தண்ணீர் வேறு. ஜாக்கெட்டைச் சும்மா மாட்டினால் போதாது. எல்லா பக்கிளையும் போட்டுவிட்டு, இன்னொருவரைத் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். அது காது வரை ஏறி வந்தால் உங்களுக்குப் பெரிய சைஸ், மாற்றுங்கள். குழந்தைக்குக் குழந்தை சைஸ்தான், கால்களுக்கு நடுவே போகும் பட்டையோடு. பெரியவங்க ஜாக்கெட்டில் குழந்தை உருவி விழுந்துவிடும். சரியான சைஸ் இல்லை என்றால் அன்றைக்குப் படகு இல்லை, பிள்ளை அழுதாலும் சரி. குடித்திருப்பவர் துடுப்பைத் தொடக்கூடாது. மதியத்துக்கு மேல் திறந்த காயலில் காற்று கூடும், காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

யாராவது மூழ்கி, தூக்கி எடுத்தபின் மூச்சில்லை என்றால் வயிற்றை அமுக்காதீர்கள், தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள். சினிமா பார்த்துக் கெட்ட பழக்கம் இது. மல்லாக்கப் படுக்கவைத்து முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுங்கள், பிறகு நெஞ்சின் நடுவே அழுத்தம், மாறி மாறி. இன்னொருவர் 108க்குப் போன் போடட்டும்.

சுகர்காரர்கள் இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை எடுத்தால் வெறும் வயிற்றில் படகு ஏறாதீர்கள். வாட்டர்ப்ரூஃப் பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். டென்ட் வெயிலில் கொதிக்கும், இன்சுலினை அதற்குள் வைக்கக்கூடாது. ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால் ஈர மணலில் பதித்த மண்பானைக்குள் வைக்கலாம். வெறுங்காலில் கரையில் நடக்க வேண்டாம். சிப்பி கிழித்தது மரத்துப்போன காலுக்குத் தெரியாது.

பாம்புக்குப் பயந்து போகாமல் இருக்க வேண்டாம். ராத்திரி தரையில் படுத்திருப்பவர்களைக் கடிப்பது பெரும்பாலும் கட்டுவிரியன். கடித்ததே பலருக்குத் தெரியாது. வெறும் பாயில் படுப்பதைவிட ஜிப்பை முழுசாக மூடிய டென்ட் எவ்வளவோ மேல். வெளியே வரும்போது டார்ச் கட்டாயம், ஷூவை உதறிவிட்டுப் போடணும். விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று போன உடனே விசாரித்து வையுங்கள்.

குளம், குட்டை மாதிரித் தேங்கிய நன்னீரில் தலை முங்கக் குளிக்க வேண்டாம். மூக்கு வழியாகப் போகும் அமீபாக் காய்ச்சல் கேரளத்தில் சமீப வருஷங்களில் வந்துகொண்டிருக்கிறது. அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பது கஷ்டம். அதைவிட அதிகம் பார்ப்பது எலிக்காய்ச்சல். காலில் புண்ணோ வெடிப்போ இருந்தால் சேற்றுத் தண்ணீரில் இறங்காதீர்கள். ஊர் திரும்பி ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு எது வந்தாலும் கடையில் பாராசிட்டமால் வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். அவர் கேட்காவிட்டாலும், "காயல்ல படகு ஓட்டினேன் டாக்டர்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.