நிலத்தை மாயமாக்கும் வாசிப்பு

ஆஸ்திரேலியப் பழங்குடி எழுத்தாளர்கள் இளையோருக்கு எழுதும் நாவல்களில் ஆறு பேசினாலோ இறந்தவர் வந்து நின்றாலோ, அதை உடனே மாயக்கதை வரிசையில் சேர்த்துவிடுகிறார்கள். ‘ஆன்மிக அனுபவம்’ என்று பாராட்டு வேறு. அந்தப் பாராட்டில்தான் கோளாறு. அந்தக் காட்சிகளுக்குப் பின்னால் இருக்கும் நில உறவு, எந்த இடத்துக்கு யார் பொறுப்பு, எந்தக் கதையை யார் சொல்லலாம் என்று வகுத்துவைத்த சட்டம். 1997இல் கிரேட் சாண்டி பாலைவனத்து நுரரா மக்கள் தங்கள் நீர்நிலைகளை ஒரு பெரிய துணியில் தீட்டி, நிலவுரிமைத் தீர்ப்பாயத்தின் முன் விரித்தார்கள். அவரவர் நிலம் வரையப்பட்ட பகுதியில் ஏறி நின்று, அவரவர் மொழியில் சாட்சி சொன்னார்கள். 2007இல் உரிமை கிடைத்தது. வழக்கில் ஆதாரமாக வைக்கப்பட்டது, புத்தக அலமாரிக்கு வந்ததும் கற்பனையாகிவிடுமா?

இந்தப் பழக்கத்துக்குப் பாதை போட்டவர்களில் ஒருவர் பேட்ரிஷியா ரைட்சன். பழங்குடி அல்லாதவர், 1986இல் குழந்தை இலக்கியத்துக்கான ஆண்டர்சன் விருது பெற்றவர். அவருடைய 1973ஆம் ஆண்டு நாவலில் வரும் நார்கன் என்ற கல்லுயிர், விக்டோரியாவின் கிப்ஸ்லாந்துக் குகையைச் சேர்ந்தது. கூனைகுர்னை மக்களுக்கு அது பெண்களுக்குரிய இடம். நாவலிலோ நார்கன் வடக்கே நியூ சவுத் வேல்ஸ் வரை நகர்ந்துபோகிறது. குகைக்கு உரிய பெண்களுக்குக் கதையில் வேலையே இல்லை. நல்ல நடை, மறுப்பதற்கில்லை. வெளியார் எழுதவே கூடாதா என்று கேட்பார்கள். எழுதலாம், ஆனால் இடத்திலிருந்து பெயர்த்தெடுத்தால் பொறுப்பு கழன்றுவிடும், திகில் மட்டுமே மிஞ்சும்.

பழங்குடி எழுத்தாளர்களே மாயக்கதை எழுதுகிறார்களே என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். பால்கு இனத்தவரான அம்பெலின் குவேமுல்லினாவின் ஆஷாலா வுல்ஃப் நாவலில் (2012) பிள்ளைகளுக்கு அபூர்வ சக்திகள் உண்டுதான். ஆனால் பிள்ளைகளை வகைபிரித்து அடைத்துவைக்கும் அரசை அவர் வானத்திலிருந்து இறக்கவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் 1905ஆம் ஆண்டுச் சட்டம், பெற்றோர் உயிரோடிருக்கும்போதே பழங்குடிக் குழந்தைகளுக்குத் தலைமைப் பாதுகாவலர் என்ற அதிகாரியைக் காப்பாளராக்கியது. மாயம் துளியும் வேண்டுமென்றில்லை என்பதற்கு டாரா ஜூன் விஞ்ச்சின் ‘ஸ்வாலோ தி ஏர்’ (2006) போதும். தாயை இழந்த மே கிப்சன் தன் விராஜுரி இனத்து வேரைத் தேடி அலைகிறாள். தேடிப்போன மண்ணில் அவளுக்கு ஞானதரிசனம் எதுவும் கிடைப்பதில்லை. பழைய வழக்கங்களைப் பறிகொடுத்துவிட்ட உறவினர்தான் இருக்கிறார். கடலோர ஊரிலிருக்கும் தன் குடும்பத்திடமே அவள் திரும்பி வருகிறாள்.