நீதிமன்றத்தின் சாவி யார் கையில்?

ஸ்டோரில் பால் நிறுப்பவரும், கணக்கு எழுதுபவரும், நிறுவை குறைந்ததென்று நாம் கொண்டுபோகும் புகாரை விசாரிப்பவரும் ஒரே துரையானால் நம் கூலி என்னவாகும்? வெட்டுக்கத்தி பிடித்த எவருக்கும் தெரியும். கிராணிமாருக்கு இன்னும் நன்றாகவே தெரியும். சட்டமியற்ற நாடாளுமன்றம், நடத்த அமைச்சரவை, தீர்ப்புச் சொல்ல நீதிமன்றம் என்று நாட்டுக்கு மூன்று கை வைத்தது இதற்காகத்தான்.

1988இல் நடந்ததென்ன? கூட்டரசின் நீதி அதிகாரம் உயர்நீதிமன்றங்களைச் சேர்ந்தது என்றிருந்த அரசியலமைப்பின் 121ஆவது பிரிவைத் திருத்தி, சட்டம் கொடுக்கிற அதிகாரமே அவற்றுக்கு என்று எழுதினார்கள். நாடாளுமன்றம் படியளந்தால் உண்டு! அதே ஆண்டில் தலைமை நீதிபதி துன் சாலே அபாஸ் பதவி நீக்கப்பட்டார். உச்சநீதிமன்ற நீதிபதிகள் இருவரும் போனார்கள். நீதி அதிகாரம் நீதிமன்றத்துக்கே உரியதென்று கூட்டரசு நீதிமன்றம், ஒரு நில எடுப்பு வழக்கில், அடித்துச் சொன்னது 2017இல்தான். இடையில் 29 ஆண்டுகள்!

"இது வக்கீல்கள் சண்டை, நமக்கென்ன?" என்போரைக் கேட்கிறோம்: வேலை நீக்கப்பட்ட தொழிலாளி தொழில் நீதிமன்றத்துக்கு நேரே போக முடிந்ததா? 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டப்படி, சமரசம் முறிந்தால் வழக்கை அனுப்புவதா வேண்டாமா என்று தீர்மானித்தவர் அமைச்சர். அந்தச் சாவி அவர் கையைவிட்டு நழுவியது 2021 ஜனவரி 1இல். இன்று தலைமை இயக்குநர் வழக்கை அனுப்பியே ஆக வேண்டும்.

ஆனால் பெரிய சாவி? 2009இல் வந்த நியமன ஆணையம் நீதிபதிகளின் பெயர்களைப் பரிந்துரைக்கிறது. பேரரசருக்கு ஆலோசனை சொல்பவர் பிரதமரே. அதையும் விடச் சொல்கிறோம்.