தாத்தா ‘சுடு’ என்றார்... பேத்தி சுடவில்லை!

மயிலைப் பார்த்து ஆட ஆசைப்பட்ட பறவை என்று நம் ஊரில் கேலிக்கு ஆளாகும் வான்கோழிக்கு, அமெரிக்கக் காடுகளில் இருக்கும் மரியாதையே வேறு. அங்கே அது பண்ணைப் பறவை அல்ல. இரவில் உயரமான மரத்தில் ஏறித் தூங்கும், ஆபத்து என்றால் பறந்துவிடும். எதிரே யாராவது கையை லேசாக அசைத்தால்கூடக் கண்டுபிடித்துவிடும் கூரிய பார்வை அதற்கு.

மிசௌரி மாநிலத்தின் ஓசார்க் மலைப்பகுதி. ஓர் ஏப்ரல் விடியற்காலையில் அந்தப் பறவைக்காகக் காத்திருந்தார்கள் ஒரு தாத்தாவும் அவருடைய 11 வயதுப் பேத்தியும். வசந்த கால வேட்டை எல்லோருக்கும் தொடங்கும் முன்பே, 6 முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கென்று அங்கே ஒரு சனி, ஞாயிறை ஒதுக்கிவிடுகிறார்கள். இது பேத்திக்கு முதல் வேட்டை.

பாடம் மட்டும் பல வாரங்களுக்கு முன்பே வீட்டில் ஆரம்பமாகிவிட்டது. தோட்டா இல்லை என்று தெரிந்தாலும், துப்பாக்கியில் தோட்டா இருப்பதாகவே நினைக்க வேண்டும். குழல் முனை எந்த மனிதர் பக்கமும் திரும்பக் கூடாது. சுடுவது என்று முடிவு செய்யும்வரை விரல் விசையைத் தொடக் கூடாது. சிவப்பு, வெள்ளை, நீல நிறத் துணி உடம்பில் எங்கும் தெரியக் கூடாது. வசந்த காலத்தில் சேவலின் தலை அந்த மூன்று நிறத்தில்தான் இருக்கும்; தூரத்தில் இருக்கும் வேறொரு வேட்டைக்காரர் ஏமாந்துவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, குறிவைத்த பறவைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சுடவே கூடாது.

இருட்டிலேயே போய், தோளைவிட அகலமான ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து இருவரும் உட்கார்ந்தார்கள். கிழக்கு வெளுத்ததும் தாத்தா ஆந்தை போல ஒருமுறை அலறினார். அடுத்த நொடியே மலைச்சரிவிலிருந்து ‘கொளகொளகொள’ என்று பதில் வந்தது. ஆந்தைச் சத்தம் கேட்டால் சேவல் தன்னை அறியாமல் குரல் கொடுத்துவிடும். பிறகு தாத்தா சின்ன மரப்பெட்டி ஒன்றின் மூடியை மெல்ல உரசி, பெட்டையின் குரலை எழுப்பினார்.

முக்கால் மணி நேரம் ஆனது. கால் மரத்துப்போனது. மூக்கின் மேல் கொசு உட்கார்ந்தது. பேத்தி அசையவில்லை.

வந்தது சேவல்! வாலை விசிறியாக விரித்து, இறக்கைகள் தரையில் உரச, நெஞ்சில் தாடி போலத் தொங்கும் இறகுடன் முப்பது அடி, இருபது அடி என்று நெருங்கியது. முழங்காலில் தாங்கியிருந்த துப்பாக்கியைப் பேத்தி குறிபார்த்தாள். “சுடு” என்று தாத்தா கிசுகிசுத்தார்.

அவள் சுடவில்லை. சேவல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் புதருக்குள் மறைந்தது.

“ஏன் கண்ணு சுடல?”

“பின்னாடி ஒரு பெட்டை நின்னுச்சு தாத்தா. உங்க பக்கத்துல இருந்து தெரிஞ்சிருக்காது.”

அந்தத் துப்பாக்கியிலிருந்து ஒரே குண்டு பாய்வதில்லை; நூற்றுக்கணக்கான சின்ன ரவைகள் பரவிப் பாயும். சேவல் விழுந்தால் பெட்டையும் விழுந்திருக்கும். வசந்த காலத்தில் அங்கே சேவலையும், தாடி உள்ள பறவையையும் மட்டுமே சுடலாம். காரணம், தரையில் பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு, 28 நாள் தனியாக அடைகாப்பது பெட்டைதான். அது போனால் ஒரு கூடே போச்சு.

தாத்தா சிறிது நேரம் பேசவில்லை. அவர் பிறந்த காலத்தில் அந்த மலையில் வான்கோழிச் சத்தமே அபூர்வம். காட்டை வெட்டியதும், கணக்கில்லாமல் சுட்டதும் சேர்ந்து, 1952-ல் மாநிலம் முழுக்க 2,500-க்கும் குறைவான பறவைகளே மிஞ்சியிருந்தன. பண்ணையில் வளர்த்துக் காட்டில் விட்டவை பிழைக்கவில்லை. அதனால் காட்டுப் பறவைகளையே வலைவைத்துப் பிடித்து, இல்லாத இடங்களில் கொண்டுபோய் விட்டார்கள். 1937-ல் வந்த ஒரு சட்டத்தின்படி, துப்பாக்கி, தோட்டா விற்பனையில் கிடைக்கும் வரிப்பணமும் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போய்ச் சேர்ந்தது. 1960-ல் வசந்த கால வேட்டைக்கு மறுபடி அனுமதி கொடுத்தபோது சுடப்பட்டவை 94 பறவைகள்தான். அன்று பெரியவர்கள் கையை அடக்கிக்கொண்டதால்தான் இன்று பேத்தி காதில் அந்தக் கொளகொள சத்தம் விழுகிறது.

காரில் ஏறியதும் பேத்திக்கு அழுகை வந்துவிட்டது. பள்ளித் தோழிகளிடம் என்ன சொல்வது?

“நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். நீ சரியாப் பார்த்தே” என்றார் தாத்தா. பிள்ளைகளிடம் தன் தவறை ஒப்புக்கொள்வது பெரியவர்களுக்கு அவ்வளவு சுலபம் இல்லை. பேத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. இன்னும் ஒரு நாள் இருக்கில்ல தாத்தா? அலாரம் நானே வைக்கிறேன்.”