மூன்றாந்தரமும் வந்துவிட்டது

எங்கள் அலுவலகத்தில் ஆறு கொம்பியூட்டர். ஆறுக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர். பாஸ்வேர்ட் கிடையாது, ஆரும் திறக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். அலுவல் சுகமாக நடக்கட்டும் என்று அப்படியே விட்டார்கள். இப்போது மூன்றாந்தரமும் அதற்குள் வைரஸ்.

ஆரோ பிரின்ட் எடுக்கக் கொண்டுவந்த பென்ட்ரைவில் தொடங்கியது. பொது ஃபோல்டருக்குள் இருப்பவற்றை ஒளித்துவிட்டு, அதே பெயர்களில் ஷோர்ட்கட்டுகளை வைத்துவிடுகிறது. அமத்தினால் வைரஸும் ஓடும், தேடிய கோப்பும் திறக்கும். கோப்புத் திறந்தால் ஆருக்குச் சந்தேகம் வரும்? பக்கத்து மேசைக்காரரும் அமத்துவார். மத்தியானத்துக்குள் ஆறும் போய்விடும்.

திருத்துகிற தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி வரவேண்டும். "அண்ணை, ஆறின்ர நெட்வேர்க் வயரையும் கழட்டிப்போட்டு, ஒரே நாளில எல்லாத்தையும் கிளீன் பண்ணவேணும்" என்று முதல் நாளே சொன்னார். ஒருநாள் அலுவலை நிறுத்த ஒருவருக்கும் மனமில்லை. நின்றுபோன ஒன்றை மட்டும் துடைப்பித்தார்கள். மற்ற ஐந்திலிருந்தும் அது திரும்பி வந்தது.

இது புதுச் சங்கதியுமில்லை. 2008 நவம்பரில் பரவத் தொடங்கிய கொன்ஃபிக்கர் என்ற வைரஸ், 123456 போன்ற லேசான பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து மற்றக் கொம்பியூட்டர்களின் பகிர்வுகளுக்குள் நுழைந்தது. 2017 மே 12இல் வந்த வன்னாகிரை வைரஸ், விண்டோஸின் கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டையால் தாவித் தாவிப் போய்க் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதத்துக்கு முன்பே வெளிவந்திருந்தது, போடாதவர்கள் அகப்பட்டார்கள். 2023 ஓகஸ்டில் எங்கள் நாட்டின் அரச மின்னஞ்சல் சேவையே இப்படிப் பூட்டுப்பட்டு, மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை.

எங்கள் ஃபோல்டருக்குள் இருப்பது என்னவென்று நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது. இடப்பெயர்வில் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் தொலைத்துவிட்டு, அலைந்து அலைந்து திரும்ப எடுத்த சனத்தின் ஸ்கான் பிரதிகள். எல்லாரும் எழுதக்கூடிய ஃபோல்டர் என்றால், வைரஸ் பிடித்த ஒரு கொம்பியூட்டரே அத்தனையையும் பூட்டப் போதும்.

ஒரேயொரு நாள் நிறுத்துங்கள். ஆறையும் துப்புரவாக்குங்கள். எழுத வேண்டியவருக்கு மட்டும் எழுத விடுங்கள்; மற்றவர்களுக்கு வாசிக்கிற அனுமதி போதும். ஒரு பிரதியைத் தனி ஹார்ட் டிஸ்கில் எடுத்து, வயரைக் கழற்றி அலுமாரிக்குள் பூட்டி வையுங்கள். இன்னொரு தரம் அந்தச் சனத்தைக் கச்சேரி வாசலில் நிற்க வைக்காதீர்கள்.