எடை இறங்குது, வயித்துல கல் ஏறுது

எடைக் குறைப்பு ஆபரேஷன் பத்தி நம்ம வீடுகள்ல யாரும் சத்தமா பேசறதில்ல. பண்ணிக்கிட்டவங்களும் "டயட்ல இருக்கேன்"னுதான் சொல்றாங்க. அது அவங்க இஷ்டம். ஆனா அந்த ரகசியம் ஒரு இடத்துல ஆபத்தா முடியலாம்.

கல்லீரலுக்கு அடியில இருக்கற சின்னப் பைதான் பித்தப்பை. கல்லீரல் சுரக்கிற பித்தநீரைச் சேர்த்து வெச்சுக்கிட்டு, எண்ணெயோ நெய்யோ உள்ளே வரும்போது சுருங்கி அதை வெளியே தள்ளும். ஸ்லீவ், பைபாஸ் எதுவானாலும் முதல் சில மாசம் எடை மளமளன்னு இறங்கும். கொழுப்பு கரையக் கரைய, அதிலிருந்த கொலஸ்ட்ரால் பித்தநீர்ல வந்து சேருது. சாப்பாடோ இத்துனூண்டு, அதுலயும் எண்ணெய் கிடையாது. பை சுருங்க வேலையே இல்ல. கெட்டியான பித்தநீர் அப்படியே தேங்கி நின்னா கல்தான்.

1995-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பைபாஸ் செய்துகொண்டு வெறும் டம்மி மாத்திரை எடுத்தவர்களில் 32 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் கல் வந்திருந்தது. தினமும் 600 மில்லிகிராம் அர்சோடியால் எடுத்தவர்களில் 2 சதவீதம் பேருக்குத்தான். அந்த மாத்திரை உங்களுக்குத் தேவையான்னு ஆபரேஷனுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுடுங்க. எழுதிக் கொடுத்திருந்தா, நடுவுல நிறுத்தாதீங்க.

கல் இருக்கற எல்லாருக்கும் வலி வராது. வந்தா, சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல மேல்வயித்துல, இல்லேன்னா வலது விலாவுக்குக் கீழ பிடிச்சு இழுக்கும். முதுகுக்கும் வலது தோளுக்கும் பரவும். நம்ம ஆளுங்க உடனே "வாயு"ன்னு ஓமத் தண்ணி கொடுப்பாங்க. கல்லுன்னு தெரிஞ்சா வாழைத்தண்டு ஜூஸ்! அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்ற வைத்தியம், இது வேற கல். (தலை சுத்தினா "பித்தம்"னு எலுமிச்சம்பழத்தைத் தேடறோமே, அந்தப் பித்தமும் இது இல்ல.)

எனக்குத் தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க, பைபாஸ் பண்ணி அஞ்சாவது மாசம் ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனாங்க. ராத்திரி வலி. மாமியார் பக்கத்துல நின்னதால டாக்டர்கிட்ட ஆபரேஷனைப் பத்தி வாயே திறக்கல. ரெண்டு நாள் கேஸ் மாத்திரையிலயே போச்சு. மூணாம் நாள் கண்ணு மஞ்சளாச்சு, அப்புறம்தான் ஸ்கேன். கல் பித்தநாளத்துல போய் அடைச்சிருந்தது. அப்படி அடைச்சா வழக்கமா வாய் வழியா குழாய் விட்டு எடுப்பாங்க. பைபாஸ்ல குடலோட பாதையையே மாத்திடறதால அது லேசுல முடியாது. வேற வழி பார்க்கணும். அதனால எந்த ஆபரேஷன்னு டாக்டருக்குத் தெரிஞ்சே ஆகணும். மாமியாரை வெளியே அனுப்பிட்டாவது சொல்லுங்க. டிஸ்சார்ஜ் பேப்பரை போட்டோ எடுத்து போன்ல வெச்சுக்குங்க.

காய்ச்சல், மஞ்சள் கண், டீ டிகாக்‌ஷன் மாதிரி சிறுநீர், விடாத வலி: இதுல எது வந்தாலும் விடியற வரைக்கும் காத்திருக்காம எமர்ஜென்சிக்குப் போங்க.

தொல்லை கொடுக்கற பையை எடுத்துடுவாங்க. கல்லீரல் பித்தநீரை நேரா குடலுக்கே அனுப்பிடும். சிலருக்குக் கொஞ்ச நாள் வயிறு இளகிப் போகும், அவ்வளவுதான்.